கணினி கண்விழிக்கும் வேளையில்
(வன்தட்டுச் சோதனை பற்றிய ஒரு பாடம்)



பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட காலத்தை நம் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். எத்தனை பேர் வந்தனர், எவர் வரவில்லை, எந்த நிரைக்கு ஆள் இல்லை என்பதையெல்லாம் கங்காணியார் முதலில் சரிபார்ப்பார். கிராணியார் செக்ரோலில் குறித்துக்கொள்வார். அதன் பிறகே வேலை தொடங்கும். பெயர் கூப்பிடாமல் ஆளை அனுப்பினால் மாலையில் கணக்கு உதைக்கும். மாதக் கடைசியில் சம்பளத்தில் தகராறு வரும். சாலாக் செலாத்தான் வட்டாரத்தைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. ஆயினும் அந்தக் காலைப் பெரட்டு நமக்கு இன்றும் ஒரு பாடம் கற்பிக்கிறது.

நம் பள்ளியிலும் பலர் இல்லத்திலும் உள்ள கணினியும் ஒவ்வொரு நாளும் பெரட்டு எடுக்கிறது. விசையை அழுத்தியவுடன் அது தன் நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவை ஒழுங்காக உள்ளனவா என்று முதலில் பார்த்துக்கொள்கிறது. பெரும்பாலும் இது நம் கண்ணுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். ஆனால் சில நாள்களில் வழக்கமான படம் தோன்றாமல், கரிய அல்லது நீலத் திரையில் எழுத்துகள் ஓடும். “வட்டு சோதிக்கப்படுகிறது” என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு வரும். நூற்றுக்கு இவ்வளவு முடிந்தது என்று எண்கள் மெல்ல ஏறும். இதைக் கண்டு அஞ்சி, உடனே மின்விசையை அணைத்துவிடும் பிள்ளைகள் உண்டு, பெரியவர்களும் உண்டு. அவ்வாறு செய்தல் கூடாது. ஏன் கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வன்தட்டு என்பது யாது?

கணினியில் நாம் எழுதும் கட்டுரைகள், மதிப்பெண் பட்டியல்கள், நிழற்படங்கள் ஆகிய அனைத்தும் கணினியை அணைத்த பிறகும் அழியாமல் தங்கும் இடமே வன்தட்டு ஆகும். உலகின் முதல் வன்தட்டுடன் கூடிய கணினியை ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அத்தனை பெரிய பொறியில் 50 லட்சம் எழுத்துகளையே பதிந்து வைக்க முடிந்தது. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்வதுண்டு.

வன்தட்டு எங்கோ தொலைதூரத்துப் பொருள் என எண்ண வேண்டா. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே அது செய்யப்பட்டது. பெட்டாலிங் ஜெயாவில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை பல ஆண்டுகள் வன்தட்டுகளை உற்பத்தி செய்தது. 2019-ஆம் ஆண்டின் இறுதிக்குள் அதை மூடப்போவதாக அந்நிறுவனம் 2018-இல் அறிவித்தது. தோட்டப்புறங்களிலிருந்து சென்ற நம் பெண்மக்கள் பலர், சுங்கை வே வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் தம் இளமையைச் செலவிட்டுக் குடும்பங்களைக் காப்பாற்றினர். அவர்களுள் சிலர் இன்று நம் மாணவர்களின் பாட்டிமார்.

வன்தட்டின் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தகடுகள் உள்ளன. அவை நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் சுழலும். 7,200 சுற்று என்றால் வினாடிக்கு 120 சுற்று. தகட்டின் மேல், அதைத் தொடாமல், மயிரிழையினும் மிகச் சிறிய இடைவெளியில் ஒரு முனை மிதந்துகொண்டு காந்த அடையாளங்களாக எழுதும், படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைத் தூக்கி அதிர்ச்சி கொடுத்தால் அம்முனை தகட்டில் உரசிப் பதிவுகள் அழியக்கூடும். புதுவகைக் கணினிகளில் சுழலும் தகடே இல்லாத திண்மச் சேமிப்பகம் உள்ளது. அதில் உரசும் அபாயம் இல்லை. எனினும் பின்வரும் கணக்குப் பிழைகள் அதிலும் நேரலாம்.

பெட்டிகளும் பெயரேடும்

வன்தட்டு எண்ணற்ற சிறு பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நாம் சேமிக்கும் ஒரு கோப்பு பல பெட்டிகளில் வைக்கப்படலாம். எந்தக் கோப்பு எந்தெந்தப் பெட்டிகளில் உள்ளது என்பதைக் குறிக்க ஒரு பெயரேடு உண்டு. எந்தப் பெட்டி நிரம்பியது, எது காலியானது என்பதைக் குறிக்க இன்னொரு பட்டியலும் உண்டு. நூல்நிலையத்தின் பட்டியலைப் போன்றவை இவை. நூல் அலமாரியில் இருந்தும், பட்டியல் தவறினால் அதைத் தேடி எடுப்பது எளிதன்று.

மாணவர்களே, ஒரு தாளில் 10 கட்டங்களை வரைந்து 1 முதல் 10 வரை எண் இடுங்கள். இப்போது பெயரேட்டைப் பாருங்கள்:

கட்டுரை: 1, 2, 3
மதிப்பெண் பட்டியல்: 4, 5
விழாக் கணக்கு: 5, 6

நிரம்பிய பெட்டிகளின் பட்டியலில் உள்ளவை: 1, 2, 3, 4, 5, 6, 8.

இவ்விரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டு பிழைகள் தென்படும். 5-ஆம் பெட்டியை மதிப்பெண் பட்டியலும் விழாக் கணக்கும் தமக்கே உரியதென்கின்றன. ஒரே வீட்டுக்கு இருவர் உரிமை கொண்டாடுவது போன்றது இது. 8-ஆம் பெட்டியோ நிரம்பியதாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் பெயரேட்டில் எந்தக் கோப்பும் அதற்கு உரிமை கோரவில்லை. அது அநாதைப் பெட்டி. நீங்கள் இப்பொழுது தாளில் செய்த வேலையைத்தான் கணினி தொடக்கத்தில், கோடிக்கணக்கான பெட்டிகளுக்குச் செய்கிறது.

பிழை எவ்வாறு நேர்கிறது?

ஒரு கோப்பைச் சேமிப்பது நமக்கு ஒரே செயலாகத் தோன்றும். கணினிக்கு அது பல செயல்கள். காலிப் பெட்டியை நிரம்பியதாகக் குறிக்க வேண்டும். உள்ளடக்கத்தை அதில் எழுத வேண்டும். பெயரேட்டில் அப்பெட்டியின் எண்ணைச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டும் முடிந்து மூன்றாவது நடைபெறுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பெட்டியில் பொருள் இருக்கும். பெயரேட்டில் பெயர் இராது. நம் 8-ஆம் பெட்டி அநாதையானது இப்படித்தான்.

நம் நாட்டில் மின்தடை புதிதன்று. 1996 ஆகஸ்டு 3-ஆம் நாள் திரெங்கானுவின் பாக்கா மின்நிலையப் பகுதியில் தொடங்கிய கோளாறு தீபகற்ப மலேசியா முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. அவ்வளவு பெரிய தடை அரிதே. ஆனால் மாலை நேரத்து இடியும் மின்னலும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அன்றாட விருந்தாளிகள் அல்லவா? இயற்கையை விடவும், முறைப்படி அணைக்காமல் மின்கம்பியைப் பிடுங்கும் நம் அவசரமே பல பிழைகளுக்குக் காரணம்.

ஏன் தொடக்கத்திலேயே சோதிக்க வேண்டும்?

சாலாக் செலாத்தான் நிலையத்தில் இலகு ரயில் 1998-ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. பகல் முழுவதும் வண்டிகள் வந்து போய்க்கொண்டிருக்கும். தண்டவாளத்தைக் கழற்றிப் பழுது பார்க்கும் வேலையை அந்நேரத்தில் செய்ய இயலுமா? வண்டி ஓடாத வேளையில்தான் இயலும். கணினியும் அப்படியே. அது இயங்கத் தொடங்கிவிட்டால் வன்தட்டில் இடைவிடாது எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் பெயரேட்டைத் திருத்த முற்பட்டால் பிழை பெருகும். ஆகவே, வேறெந்த வேலையும் தொடங்காத கண்விழிப்பு நேரமே திருத்தத்திற்கு உகந்தது.

சோதனை தேவை என்பது கணினிக்கு எவ்வாறு தெரிகிறது? பழைய முறையில், கணினி வேலையைத் தொடங்கும்போது வட்டில் ஓர் அடையாளக் குறி இடும். முறையாக அணைக்கும்போது அக்குறியை அழித்துவிடும். மறுநாள் விழித்தெழும்போது குறி அழியாமல் இருந்தால், “நேற்று யாரோ என்னை முறையாக உறங்க வைக்கவில்லை” என்று அறிந்து சோதனையில் இறங்கும்.

இவ்வழக்கம் நெடுநாளையது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1970-களிலேயே இத்தகைய சோதனை நிரல் இருந்தது. 1993-இல் வந்த டாஸ் 6.2 பதிப்பில் ‘ஸ்கேன்டிஸ்க்’ என்னும் நிரல் சேர்ந்தது. விண்டோஸ் 98-ஐப் பயன்படுத்தியோர், முறையின்றி அணைத்த மறுமுறை அந்நிரல் தானே எழுந்து நின்றதை மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய விண்டோஸில் ‘செக்டிஸ்க்’ என்னும் நிரல் இப்பணியைச் செய்கிறது.

பிற்காலத்தில் மற்றொரு நல்வழி பரவியது. கடைக்காரர் ஒவ்வொரு விற்பனையையும் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் ஏற்றும்போது விளக்கு அணைந்தாலும், சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கணினியும் ‘இன்ன மாற்றம் செய்யப் போகிறேன்’ என்று முதலில் ஒரு குறிப்பில் எழுதிக்கொண்டு பிறகு பெயரேட்டை மாற்றுகிறது. 1993-இல் விண்டோஸ் என்.டி. அமைப்பும், 2001-இல் லினக்ஸின் ‘எக்ஸ்ட்3’ அமைப்பும் இம்முறையைக் கொண்டு வந்தன. இதனால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் நீண்ட சோதனை தேவைப்படுவதில்லை. ஆகவே, இன்றும் ஒரு கணினி முழுச் சோதனையைக் கேட்கிறது என்றால், சிட்டையைக் கொண்டு தீர்க்க முடியாத குறை ஏதோ உள்ளது என்று பொருள். அதனை இன்னும் மதிக்க வேண்டும்.

சோதனையின் படிகள்

விண்டோஸ் சோதனை மூன்று படிகளாக நடைபெறும். முதற்படியில் ஒவ்வொரு கோப்பின் பதிவும் சரிபார்க்கப்படும். இரண்டாம் படியில் கோப்புறைகளின் பெயரேடுகள் ஒப்பிடப்படும். மூன்றாம் படியில், எக்கோப்பை எவர் திறக்கலாம் என்னும் உரிமைப் பதிவுகள் பார்க்கப்படும். இவை கணக்கைப் பார்ப்பவை. நாம் விரும்பிக் கேட்டால் மேலும் இரண்டு படிகள் உண்டு. அவற்றில் பெட்டிகள் ஒவ்வொன்றும் படிக்கப்பட்டு, பழுதுற்றவை இனிப் பயன்படாதவாறு விலக்கி வைக்கப்படும்.

இந்த முழுச் சோதனைக்கு ஏன் நீண்ட நேரம் ஆகிறது? ஒரு சிறு கணக்கு: வன்தட்டின் கொள்ளளவு 10,00,000 மெகாபைட்டு என்க. வினாடிக்கு 100 மெகாபைட்டு படிக்கப்பட்டால் 10,000 வினாடி வேண்டும். அதாவது 2 மணி 46 நிமிடம் 40 வினாடி. ஆகவே, எண் மெல்ல ஏறுவதைக் கண்டு கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சோதனையின் நடுவே மின்விசையை அணைப்பது, பேரேட்டைத் திருத்திக்கொண்டிருப்பவரின் கையைத் தட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

நாம் செய்த பிழை

பிறர் பிழையை மட்டும் சொல்லி நம் பிழையை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. நாம் முன்பு பணியாற்றிய தோட்டப் பள்ளி ஒன்றில் பழைய சேர்க்கைப் பதிவேட்டை ஆசிரியர்கள் விடுமுறை நாள்களில் வந்து கணினியில் ஏற்றினர். நம் நாட்டவரான திரு. முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் துணையால் பெயர்களைத் தமிழிலேயே பதிய முடிந்தது. மாணவர் பெயர், பிறந்த நாள், தாய் தந்தையர் பெயர், சேர்ந்த நாள் ஆகியன அனைத்தும் அதில் இருந்தன. “இனிக் கவலை இல்லை” என்று எண்ணி, காகிதப் பதிவேட்டைப் பண்டக அறையில் தரையோடு தரையாக வைத்துவிட்டோம்.

மழைக்காலம் வந்தது. மாலைதோறும் மின்சாரம் போய்ப் போய் வந்தது. ஒரு காலையில் கணினி, “வட்டைச் சோதிக்க வேண்டும், வேண்டாமெனில் ஏதேனும் ஒரு விசையை அழுத்துக” என்று கேட்டது. தேர்வு அறிக்கை அனுப்பும் அவசரம். நாம் விசையை அழுத்தினோம். மறுநாளும் கேட்டது, மறுநாளும் அழுத்தினோம். மூன்று வாரம் இப்படியே கழிந்தது. ஒரு நாள் பதிவேட்டுக் கோப்பைத் திறந்தபோது அது திறக்க மறுத்தது. அதன் பின்னரே சோதனையை ஓடவிட்டோம். கணினி சில துண்டுகளை மீட்டு ஒரு தனிக் கோப்புறையில் போட்டது. அவற்றிலிருந்து சில பத்துப் பெயர்களே தேறின.

சில மாதங்கள் சென்று ஓர் அம்மையார் பள்ளிக்கு வந்தார். வயது ஐம்பதை எட்டியிருக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாததால் அடையாள அட்டைக்கு அலைந்துகொண்டிருந்தார்.

“ஐயா, நான் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். என் பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்கும் என்று சொன்னார்கள்” என்றார்.

“உட்காருங்கள் அம்மா, தேடிப் பார்க்கிறோம்” என்றோம். வேறு என்ன சொல்ல இயலும்?

பண்டக அறையிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தோம். கறையான் பிடித்திருந்தது. ஏடுகளைப் பிரித்துப் பிரித்துத் தேடியதில் அவர் பெயரும் தந்தையார் பெயரும் ஒரு பக்கத்தின் நடுவில் கிடைத்தன. அதைப் படித்துக் காட்டியபோது அவர் தம் தந்தையார் பெயரின் மீது விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். உறுதிக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். அவர் நன்றி கூறிச் சென்றார். ஆனால் அவர் பெயருக்குக் கீழே இருந்த இரண்டு வரிகளைக் கறையான் தின்றுவிட்டிருந்தது. அவை யாருடைய பெயர்கள் என்பது காகிதத்திலும் இல்லை, கணினியிலும் இல்லை. அவ்விருவரும் என்றேனும் நம் வாசலுக்கு வந்தால் நாம் என்ன விடை கூறுவோம்?

கறையானைக் குறை கூறிப் பயனில்லை. கணினியையும் குறை கூற முடியாது. அது நாள்தோறும் நம்மை எச்சரித்தது. சில நிமிடம் பொறுக்க மனமின்றி விசையை அழுத்தியது நம் விரலே.

சோதனையால் ஆகாதது எது?

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாக உணர வேண்டும். வட்டுச் சோதனை கணக்கைச் சீராக்குமே அன்றி, இழந்த உள்ளடக்கத்தை மீட்டுத் தராது. 5-ஆம் பெட்டி உண்மையில் எந்தக் கோப்புக்கு உரியது என்பது அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒவ்வொரு நகலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். எது சரி என்று பார்ப்பது நம் கடமை. ஆகவே, சோதனைக்கு மேலான காப்பு ஒன்றே: நகல். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். நகல் இருந்தால்தான் அழிந்ததை மீண்டும் எழுதலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கணினியை எப்பொழுதும் அதற்குரிய கட்டளையைக் கொடுத்தே அணைக்க வேண்டும். மின்கம்பியைப் பிடுங்குதல் கூடாது.
2. தொடக்கத்தில் வட்டுச் சோதனை வந்தால் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அவசர வேலை இருப்பின் அதைத் தாளில் செய்க.
3. முறையாக அணைத்தும் அடிக்கடி சோதனை வந்தால், வன்தட்டு நலிந்து வருகிறது என ஐயுற வேண்டும். முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, பிறகு பழுது பார்ப்பவரிடம் காட்டுக.
4. வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்னும் ஓசை வந்தால் அதைப் பெட்டி பெட்டியாகப் படிக்கும் நீண்ட சோதனையில் இறக்காதீர். நலிந்த தட்டை அது மேலும் வருத்தும். உடனே நிறுத்தி, விவரம் அறிந்தவரை நாடுக.
5. இடி மின்னல் வேளையில் வேலையைச் சேமித்து, முறையாக அணைத்து, செருகியைக் கழற்றிவிடுக. இயன்றவர்கள் மின்தடை தாங்கி ஒன்றை வாங்கி வைத்தல் நன்று.
6. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு, பணி ஓய்வுக் கணக்கு ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசி ஒன்றில் மட்டும் வைத்திராதீர். மூலத் தாளைப் பத்திரமாக வைத்து, நகலை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும்.

பெற்றோர்களே! கணினி எமக்குத் தெரியாது என்று ஒதுங்கி நிற்க வேண்டா. பெரட்டில் பெயர் கூப்பிடுவதன் அருமை உங்களுக்குத் தெரியும். கூப்பிட்ட பெயருக்கு விடை வராவிட்டால் அன்றே விசாரிக்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த அறிவே இதற்கும் போதும். இன்றிரவு உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு, வீட்டுப் பத்திரங்கள் எங்கெங்கே உள்ளன, அவற்றுக்கு நகல் உண்டா என்று ஒரு முறை பெயர் கூப்பிட்டுப் பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது கணினி செய்யும் மூன்று செயல்கள் யாவை?
2. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது பெயரேட்டைத் திருத்துவது ஏன் தகாது?
3. பெயரேடு: கதை 1, 4, பாடல் 2, 3, கடிதம் 3, 7. நிரம்பியவை: 1, 2, 3, 4, 6, 7. இருவர் உரிமை கோரும் பெட்டி எது? அநாதைப் பெட்டி எது?
4. 5,00,000 மெகாபைட்டு கொள்ளளவுள்ள வன்தட்டை வினாடிக்கு 125 மெகாபைட்டு வீதம் படித்தால் எத்தனை நிமிடம் ஆகும்? (விடை 67-க்குச் சற்றுக் குறைவாக வரும்.)
5. உன் வீட்டில் நகல் இல்லாத முக்கியப் பத்திரம் ஏதேனும் உண்டா? பெற்றோரிடம் கேட்டு எழுதுக.

கல்வி சிறக்க! நற்பழக்கம் ஓங்குக!